ஒட்டு இல்லாத வயரிங்

என் வேலையில் குறை சொல்ல ஆளே கிடையாது என்றால் அது பச்சைப் பொய், சார். குறை சொல்லாத ஆள்தான் கிடையாது. கார் எலக்ட்ரீசியன் என்று போர்டு மாட்டியிருந்தாலும் தெருவில் எனக்குப் பெயர் 'ஒட்டு'. கெட்டுப்போன வயரை மாற்ற மாட்டேன்; முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிடுவேன். பெயர் வைத்தவர் என் மனைவியின் அண்ணன். நான் அவர்கள் வீட்டோடு மாப்பிள்ளை. அந்த வகையிலும் ஒட்டுதான். அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் முதலில் சிரிப்பது நான்.

அவர்தான் தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எலி கடித்து உள்ளே வயரெல்லாம் கந்தல். "மாப்ள, மொத்தத்தையும் மாத்திடு. ஒரே ஒரு ஒட்டு இருந்துச்சு, அப்புறம் வீட்டு பல்பைக்கூட உன்னைத் தொட விடமாட்டேன்" என்றார், தங்கையை வைத்துக்கொண்டு.

"அவரு நல்லாத்தான் செய்வாரு, விடுண்ணே" என்றாள் அவள். எனக்காக அவள் பேசியது அன்றுதான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, தெரியுமா?

மெய்யாகவே புதிதாகப் போட்டேன். பெரிய மேதாவிபோல முழம் போட்டு அளந்து வெட்டினேன். ஸ்டியரிங்கைச் சுற்றி வளைந்து போக வேண்டுமே என்பதை மறந்தேன். முக்கியமான வயர் ஒரு சாண் குறைந்தது. வயர் கடை பக்கத்துத் தெருதான், திறந்தும் இருந்தது. ஆனால் பழகிய கை. கழற்றிப் போட்ட எலி கடித்த வயரிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டி, டேஷ்போர்டுக்குள் தள்ளிவிட்டேன். பியூஸ் போனது. வேறு போட்டேன், அதுவும் போனது. அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? பியூஸ் இடத்தில் தடித்த கம்பியைச் செருகி அதன் வாயை அடைத்தேன்.

அவளுடைய தையல் மெஷினைப் பழுதுபார்க்கக் கொடுக்க அண்ணனும் அவளும் அந்தக் காரிலேயே கிளம்பினார்கள். மெஷின் முன்சீட்டில், அவள் பின்னால். அந்தப் பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. அது வயரிங் சமாச்சாரம் இல்லை, தகர வேலைக்காரர் பாடு.

"ஏங்க, ஏதோ தீயற வாசனை வருதே" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒட்டு ஏதும் இருக்கா மாப்ள?"

இருக்கு என்று ஒரு வார்த்தை. சாகும்வரை சிரித்திருப்பார், அவ்வளவுதான்.

"புது வயருன்னா அப்படித்தான் மணக்கும். நாலு தெரு போனா சரியாயிடும்" என்றேன். அவள் நம்பிவிட்டாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

தெருக்கோடியில் புகை தெரிந்தது. நான் ஓடினேன் என்று சாட்சி சொல்கிறார்களாம், பாவம், நல்ல மனசு. முதலில் நடந்தேன், சார். ஓடினால் ஒட்டை ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடும்.

அவர் வெந்த கையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவளைக் கொன்றது நான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'அவன் ஒட்டு விட்டுப்போச்சு' என்று அவர் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள், அது அபாண்டம். அந்த வயர் உங்களிடம்தானே இருக்கிறது? இழுத்துப் பாருங்கள், சார். கருகியதெல்லாம் பழைய துண்டு. என் ஒட்டு கெட்டியாகத்தான் இருக்கிறது.