மருந்திட்ட செடி, தொடக் கூடாது

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் வாங்கித் தந்த காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மற்றபடி இந்த ஸ்டேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னலோர நாற்காலி, வெள்ளைத் தாள், நன்றாக எழுதும் பேனா. வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றபோது சப்-இன்ஸ்பெக்டர் சக்கரபாணி முகம் சுளிக்கவில்லை. அவருடைய ரைட்டர் நல்ல பிள்ளைதான். ஆனால் முதல் வரியிலேயே 'ஏதோ பூச்செடி' என்று எழுதிவிட்டார். எழுபத்து மூன்று வயதுக்காரன் தன் குற்றத்தை 'ஏதோ' என்று தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பெயர் சூசை. பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தேன். அதனால் எங்கள் தெருவில் என் வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்று பெயர். பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. யாருக்கும் தொந்தரவு கொடுத்தவன் இல்லை. ஞாயிறு பூசைக்கு ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

முதலில் செடியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதை நித்தியகல்யாணி என்பீர்கள். சுடுகாட்டு மல்லி என்பாரும் உண்டு, கல்லறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே பூத்துக் கிடப்பதால். நர்சரிக்காரர்கள் வின்கா என்று விற்கிறார்கள். அது பழைய பெயர், மாற்றி எத்தனையோ காலம் ஆயிற்று. சரியான பெயர் கதராந்தஸ் ரோசியஸ். ரோஜா நிறத் தூய மலர் என்று பொருள் கொள்ளலாம். பிறந்த மண் மடகாஸ்கர் தீவு. பிரெஞ்சுக்காரர்கள் அதன் விதையைக் கப்பலேற்றிப் பாரிசில் அரசரின் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அழகுக்காக ஊர் ஊராகப் பரவிற்று. அழகுக்கு வந்தது அப்படியே தங்கிவிட்டது. உரம் கேட்காது, மாடு மேயாது, சுவரில் ஒரு மயிரளவு வெடிப்பு இருந்தால் போதும். வெற்றிலை பாக்கு வைத்து யாரும் அழைக்கவில்லை, ஆனால் வந்த ஆறாம் மாதம் வீடு அதனுடையது.

பயன் என்றும் ஒன்று உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுக்கு இதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று ஊர் ஊராகப் பேச்சு இருந்ததால்தான் இதைச் சோதனைக்கூடத்துக்கே கொண்டுபோனார்களாம். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தன. ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் மட்டும் இன்னும் முதல் பேச்சிலேயே நிற்கிறது.

எட்டு வருடத்துக்கு முன் நான் 'நம் மண் செடி மன்றம்' என்று ஒன்று தொடங்கினேன். ஏழு உறுப்பினர்கள். விதி ஒன்றே ஒன்று: இந்த மண்ணில் பிறக்காத செடி இந்த மண்ணில் நிற்கக் கூடாது. முதலில் என் வீட்டுக் காகிதப்பூவை வெட்டினேன், அது பிரேசில் சரக்கு. வெளிநாட்டுப் பயணிகள் அதன் கீழே நின்றுதான் படம் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் தெருவே வருத்தப்பட்டது. பப்பாளியையும் வெட்டினேன். பிறகு அடுப்படிக்குள் நுழைந்தேன். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவுமே நம்முடையதல்ல. என் மனைவி அந்தோணிமேரி மிளகைப் போட்டு மீன்குழம்பு வைத்து, தவக்காலம் மாதிரி நாற்பது நாள் பொறுத்தாள். நாற்பத்தோராம் நாள் துலூசில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். "பிரான்சுலயாவது எனக்கு மொளகா கெடைக்கும்" என்று வாசலில் சொன்னாள். காப்பிக்கு மட்டும் நான் விலக்கு அளித்திருந்தேன். எந்தச் சட்டத்திலும் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும்.

அதன்பிறகு தோட்டம் பார்க்கும்படி ஆயிற்று. நொச்சி, தும்பை, ஆவாரை, ஆடாதொடை, பிரண்டை. ஒவ்வொன்றின் முன்னும் சின்ன மரப்பலகை. பெயர், பிறந்த மண், பயன் என்று மூன்று வரி, எல்லாம் தமிழில், என் கைப்பட மெல்லிய தூரிகையால் எழுதியது. அந்தத் தூரிகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மதிலின் வெளிப்பக்கம்தான் என் கட்டுக்குள் வரவில்லை. காரணம் மீன்காரம்மா. பதினோரு வருடமாக வைத்திக்குப்பத்திலிருந்து அலுமினியக் கூடையைத் தலையில் வைத்து நடந்தே வருபவள். காலை ஆறே முக்காலுக்கு என் மதிலோரம் கூடை இறங்கும். அருவாமனையை மிதித்து உட்கார்ந்து தெருவுக்கே சங்கராவும் நெத்திலியும் ஆய்ந்து கொடுப்பாள். எழும்போது மீன் கழுவிய தண்ணீரை மதிலடியில் ஊற்றிவிட்டுப் போவாள். அந்தத் தண்ணீரில் வெடிப்பிலிருந்த நித்தியகல்யாணி இடுப்பளவு வளர்ந்தது. நான் பிடுங்குவேன். அடுத்த மழைக்கு ஒன்று இரண்டாக நிற்கும்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. வலது கால் கட்டைவிரலில் ஆறாத புண். விரலை எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். விரல் போனால் நடை போகும், நடை போனால் கூடை போகும். அதனால் மாத்திரையோடு, யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் கூடையை இறக்கியதும் ஐந்து பூவைக் கிள்ளி மென்று விழுங்குவாள். இது அவள் மட்டும் செய்ததல்ல. கடற்கரைக்கு நடக்கப் போகும் பென்ஷன்காரர்கள் நாலைந்து பேரும் போகிற போக்கில் என் மதிலில் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். புண் சுருங்கத் தொடங்கியது. மாத்திரைக்குப் போக வேண்டிய நன்றி பூவுக்குப் போயிற்று.

"இது நம்ம ஊர்ச் செடியே இல்லம்மா, மடகாஸ்கர்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"எந்த கஸ்காரா இருந்தா என்னா மிசியே, என் வெரல உட்டு வச்சிருக்குதே" என்று காலை நீட்டிக் காட்டினாள். பிரெஞ்சு பென்ஷன்காரனை இந்தப் பக்கம் மிசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்த ஜனவரியில் ஒரு தோட்டச் சங்கம் நாட்டுச் செடித் தோட்டங்களுக்குப் பரிசு அறிவித்தது. நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைமை சிவசங்கரி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியை. உள்ளே என் பலகைகளை எல்லாம் படித்தார்கள், தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மாள் மதிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மழை முடிந்த பருவம், இலை தெரியாமல் பூத்திருந்தது. "அடடா, நித்தியகல்யாணி. நம்ம பாரம்பரியம்னா இதுதான். யார் வளர்க்கிறீங்க?" என்றார். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் கால்விரலைக் காட்டி ஒரு பிரசங்கமே செய்துவிட்டாள். பேராசிரியை அதைக் குறித்துக்கொண்டார்.

நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. இது கப்பலில் வந்த செடி என்றேன்.

"செடி மட்டுமா கப்பல்ல வந்துது? நம்ம மிசியேவும் கப்பல்ல வந்தவருதான்" என்றாள் மீன்காரம்மா. "வந்தா என்னா, ரெண்டும் இங்கியே வேரு புடிச்சிடுச்சில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நடுவர்களை வரவேற்க வந்திருந்த என் மன்றத்து உறுப்பினர்கள்கூட. அவள் சொன்னது பொய்யில்லை. நான் கிழக்கே, அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் பிறந்தவன். அம்மா அந்த ஊர்க்காரி, என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஐந்து வயதில் இங்கே வந்து இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. அறுபது வருடமாக அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

பரிசு எனக்கே வந்தது. சான்றிதழில் 'சிறந்த பாரம்பரிய மூலிகை மதில்' என்று போட்டிருந்தது. பேப்பரில் வந்த படத்தில் அவள் பூவோடு நிற்கிறாள். என் முழங்கை தெரிகிறது.

பிப்ரவரி முதல் வாரம் களைக்கொல்லி வாங்கினேன். ஒன்றை ஒழிப்பது என்று முடிவெடுத்தால் முறைப்படி செய்ய வேண்டும். நான் சட்டத்தை மதிப்பவன், அதனால் முதலில் எச்சரிக்கைப் பலகை ஒன்று எழுதி மதிலில் மாட்டினேன். மருந்திட்ட செடி, தொடக் கூடாது. தெளிவான எழுத்து, ஒரு பிழை கிடையாது. பிரெஞ்சில் எழுதினேன்.

மற்ற பலகை எல்லாம் தமிழில் இருக்க இது மட்டும் ஏன் பிரெஞ்சில் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நம் மண் செடிக்கு நம் மொழி, கப்பலில் வந்த செடிக்குக் கப்பலில் வந்த மொழி. அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பலகையும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. எதிர்வீட்டு லூர்துபிரகாஷ் விடிந்ததும் நடக்கக் கிளம்புபவர், பலகையைப் படித்ததும் பூவுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மற்றப் பென்ஷன்காரர்களும் அப்படித்தான், எல்லோரும் மீன்கூடை இறங்குவதற்கு முன்பே கடந்து போய்விடுபவர்கள். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் பிரெஞ்சு படித்தவர்கள். ஆகவே யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மீன்காரம்மா பலகையைக் கண்டதும் சந்தோஷப்பட்டாள். "என்னா மிசியே, இதுக்கும் போர்டு வச்சிட்டீங்களா? என்னா எழுதியிருக்கீங்க?"

"அதோட பேரு" என்றேன்.

"அதானே. பேரு வச்சிட்டா அப்புறம் நம்மூட்டுப் புள்ளதான்" என்று சொல்லி ஐந்து பூவைக் கிள்ளி வாயில் போட்டாள். நான் காப்பியோடு ஜன்னலில் நின்றிருந்தேன்.

ஐந்தாம் நாள் வாயெல்லாம் எரிகிறது, இட்லிகூட இறங்கவில்லை என்றாள். சர்க்கரை ஏறியிருக்கும், எந்த மருந்தையும் நிறுத்தாதேம்மா என்று சொன்னேன். அக்கறையாக விசாரித்ததற்கு ஒரு கை நெத்திலி கூடவே போட்டாள். ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் கூடையை இறக்க மதிலைப் பிடித்துக்கொண்டாள். பதினோராம் நாள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். சர்க்கரை முற்றிக் கிட்னியில் இறங்கிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

என் தவறு ஒன்றே ஒன்றுதான். மீன்காரிக்கு ஒரு மகள் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியே ஒருத்தி இருந்தாலும், அவள் பிரெஞ்சு படித்திருப்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. பெயர் ஹேமலதா. கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலையாம், மாலை வகுப்பில் படித்தாளாம். பன்னிரண்டாம் நாள் காலையில் யூனிபாரத்தோடு வந்தாள். "அம்மா இந்தப் பூவுதான் வேணும்னு அடம் புடிக்குது" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டியவள், பலகையைப் பார்த்து நிறுத்தினாள். வாய்விட்டுப் படித்தாள். என்னுடையது பட்டாளத்துப் பிரெஞ்சு. அவள் உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது, அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, எத்தனை நாளாக என்று பிரெஞ்சிலேயே கேட்டாள்.

பத்து நாளாக என்று சொல்லிவிட்டேன். தமிழில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பிரெஞ்சில் கேட்டால் நேராக நின்று உண்மையைச் சொல்லியே பழக்கம், பட்டாளத்தில் அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்தப் பெண் அழவில்லை. பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர்களுக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது, ஆனால் நேரம் கடந்துவிட்டது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

இறந்தவர் பெயர் அஞ்சலாட்சி என்பதை நேற்று உங்கள் தாளில்தான் படித்தேன். வயது ஐம்பத்தெட்டு. பிறந்த மண் வைத்திக்குப்பம், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதே குப்பம். பலகை எழுதுவதாக இருந்தால் முதல் இரண்டு வரிக்கு எனக்குச் சிரமம் இருக்காது. பதினோரு வருடத்தில் நான் ஒருமுறைகூட அவள் பெயரைக் கேட்டதில்லை என்பதை ஹேமலதா ஒரு குற்றமாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு எந்தச் செக்‌ஷனும் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்று காலை சப்-இன்ஸ்பெக்டர் மதிலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார். "களைக்கொல்லின்னு சொல்றீங்க. பத்து நாளு வச்சேன்னு சொல்றீங்க. செடி ஜம்முனு பூத்து நிக்கிதே, அது ஏன் சார் சாவல?"

நியாயமான கேள்வி, அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். நான் செடியில் மருந்து அடிக்கவில்லை. தினமும் விடிந்ததும், அவள் கைக்கு எட்டும் கிளையில் அன்று புதிதாக விரிந்த பூக்களை மட்டும் பலகை எழுதும் தூரிகையால் தொட்டேன். இலையில் ஒரு சொட்டு விழாதபடி அடியில் காகிதம் பிடித்துக்கொண்டேன். மழை இல்லாத மாதம் என்பதால் வேருக்குக் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றினேன். செடி வாடினால் அவள் வேறு மதிலுக்குப் போய்விடுவாள் அல்லவா.

எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். செடியின் பெயரில் பிழை இல்லை, தேதிகள் சரி. அந்தச் சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.