உளுத்துப்போகாத பலகை

எங்கள் ஏரியின் மீன்பிடி மேடைக்குப் போட்டிருப்பது செங்கால் மரம், மேடம். வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூசினால் போதும். பூசுவது நான்தான். அதனால், பராமரிப்பில்லாத உளுத்த பலகை உடைந்து ஒருவர் மரணம் என்று பேப்பரில் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. அதைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். உங்கள் சட்டையில் சாந்தினி என்ற பெயரைப் பார்த்ததும், தமிழிலேயே விளக்கமாகச் சொல்லலாம் என்று நிம்மதியாக இருந்தது.

என் பெயர் பிச்சைமுத்து. பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றேன். இப்போது எங்கள் குடியிருப்பின் ஏரி நண்பர்கள் சங்கத்துக்குத் தலைவர். மேடையைப் பார்த்துக்கொள்வதும் சங்கத்தின் பொறுப்பு. நாங்கள் மீன் பிடிப்போம், வைத்துக்கொள்ள மாட்டோம். ஈரக் கையால் தூக்கி, ஒரு படம் எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். மீன் வெளியே இருக்கும்வரை அதைத் தூக்கியவரும் மூச்சுவிடக் கூடாது. அவருக்கு எப்போது முட்டுகிறதோ அப்போது மீனுக்கும் முட்டும் என்பது கணக்கு. அது நான் கொண்டுவந்த விதி. எங்கள் உறுப்பினர் ஷஃபீக்குக்கு ஆஸ்துமா. அவரிடம் சிக்கிய மீன்களைப்போல் நலமாகத் திரும்பிய மீன்கள் எங்கள் ஏரியில் இல்லை.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் மைக்கேல் வந்தார்.

மைக்கேல் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்த அன்றே எல்லோருக்கும் பையில் கட்டிய காப்பி வாங்கிவந்து கொடுத்தார். தனக்கு நீச்சல் தெரியாது, சின்ன வயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ஒரு திலாப்பியாவைப் பிடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். ஷஃபீக் எழுந்துபோய்விட்டார்.

திலாப்பியாவை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மைக்கேலுக்கு வேண்டியது தோமான். விரால் இனம்தான், ஆள் பெரிது. அவருடைய மகள் நவோமிக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்திருந்தார்கள். புண் ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டிருந்தது. ஹருவான், அதாவது விரால் மீன், சூப் வைத்துக் கொடுத்தால் ஆறும் என்று இந்த ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் அவர் மனைவி ஜூலியானா, வளர்ப்பு மீன் உதவாது, தானாக வளர்ந்த மீன்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். ஹருவான் கிடைக்காவிட்டால் தோமானாவது.

எங்கள் ஏரியில் அப்போது ஒரு தாய்த் தோமான் குஞ்சுகளோடு இருந்தது. நீங்கள் பார்த்ததில்லையென்றால் பார்க்க வேண்டும், மேடம். சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்செடுக்கும். தண்ணீர் கொதிப்பதுபோல் இருக்கும். தாய் சரியாக அதற்குக் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தூண்டிலை எறிந்தால் தாய் பசியால் கடிக்காது, கோபத்தால் கடிக்கும். அதனால் சுலபமாக மாட்டிக்கொள்ளும். மேடையின் கடைசி மூலையிலிருந்துதான் அந்தக் கூட்டம் எட்டும். மைக்கேல் தினமும் இரவு ஷிஃப்ட் முடிந்து, காலையில் அந்த மூலையில் போய் நின்றார்.

நான் எடுத்துச் சொன்னேன். "அதுக்குக் குஞ்சு இருக்கு தம்பி. பச்ச ஒடம்புக்காரி. அத போயி தொந்தரவு பண்ணலாமா?"

"அப்ப என் மக என்னாண்ணே, பழுத்த ஒடம்புக்காரியா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. "நீங்க புடிச்சு, செல்ஃபி எடுத்து, வழியனுப்பி வைக்கிறீங்க. நான் புடிச்சு சூப்பு வைக்கப் போறேன். மீனு என்ன உங்க சொந்தக்காரனா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

வீட்டிலும் இதே கதைதான். என் மனைவி ருக்குமணி கறியைப் பரிமாறிக்கொண்டே, "பாசார்ல தெங்கிரி மீனு தலையா பாத்து வாங்கியாரச் சொல்றீங்களே, அதுக்கு அம்மா அப்பா கெடையாதா?" என்று கேட்டாள். அவளுக்குப் புரியவைக்க முடியாது. பாசாரில் இருக்கும் மீன் எனக்குப் பழக்கமில்லாத மீன். அது செத்தபோது நான் அங்கே இல்லை.

சட்டப்படியும் முயன்றேன். நகராண்மைக் கழகத்தில் விசாரித்தேன். பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று விதி இல்லை என்றார்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கண்டனத் தீர்மானம் போட்டேன். பாதிப் பேர் அழுகிற முகம் போட்டார்கள், மீதிப் பேர் கட்டைவிரல். மைக்கேல் அந்தக் குழுவிலேயே இல்லை.

பிறகுதான் பலகை. மூலையில் அவர் நிற்கிற இடத்துப் பலகையின் திருகாணிகளைக் கழற்றி எடுத்தேன். பலகைக்கு ஒரு கீறல்கூட விழாமல் கழற்றினேன். சுத்தமான வேலை. பார்த்தால் தெரியாது, நடுவில் நின்றாலும் தாங்கும், ஓரத்தில் கால் வைத்து எக்கினால் மட்டும் கவிழும். எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. ஆனால் அது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று செயற்குழு இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்று காலை மேடையில் நாங்கள் இருவர்தான். குஞ்சுக் கூட்டம் மேலே வந்தது. மைக்கேல் எறிந்தார், மாட்டியது. பெரிய இழுப்பு. தூண்டிலை மேடைக் கம்பிக்கு மேல் தூக்குவதற்காக அவர் ஓரத்தில் கால் வைத்து எக்கினார். பலகை கவிழ்ந்தது. அவர் உள்ளே போனார். தூண்டில் கம்பியில் சிக்கி மேலேயே நின்றது. தூண்டில் நரம்பு விறைப்பாக இருந்தது. அதாவது மீன் இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருந்தது.

நான் தூண்டிலை எடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் தண்ணீரைத் தொடுகிற படி இருக்கிறது. அங்கே இறங்கி, மீனை மெதுவாகக் கொண்டுவந்து, கொக்கியைக் கழற்றினேன். ரொம்பவும் களைத்திருந்தது. அந்த நிலையில் அப்படியே விட்டால் மல்லாந்துவிடும். வயிற்றுக்கடியில் கை கொடுத்து, செவுளுக்குள் தண்ணீர் ஓடும்படி தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவாக வாலை உதறும்வரை கையை எடுக்கக் கூடாது.

மைக்கேல் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாசி வழுக்கியது. எட்டுகிற தூரம்தான். "அண்ணே, கைய குடுங்கண்ணே," என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"கொஞ்சம் பொறு தம்பி," என்றேன். நானும் மரியாதையாகத்தான் சொன்னேன்.

மிதவை வளையம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அடிக்கடி திருடு போகிறதென்று சங்கப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் என் இரண்டு கைகளும் மீனிடம் இருந்தன. இன்னொரு முறையும் அவர் என்னைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் செவுள் நன்றாகத் திறந்து மூட ஆரம்பித்திருந்தது. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

தோமான் வாலை உதறிப் போனது. நேராகக் குஞ்சுகளிடம் போனது. நான் திரும்பிப் பார்த்தபோது தூணைச் சுற்றித் தண்ணீர் சும்மா இருந்தது. பிறகு ஷஃபீக் வந்து, என்ன ஏது என்று கேட்காமல் அப்படியே குதித்தார். ஆஸ்துமாக்காரர். அவரை நான் கண்டிக்க வேண்டியிருந்தது.

ஆகவே பலகை உளுக்கவில்லை. நான்தான் கழற்றினேன். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது தெரிந்தே கழற்றினேன். கை கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பராமரிப்பின்மேல் பழி இருக்கக் கூடாது.

நான் ஈரமில்லாதவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அடக்கம் முடிந்த மறுநாளே பாசாரில் ஹருவான் வாங்கி, ருக்குமணியைச் சூப் வைக்கச் சொல்லி, நானே நவோமி வீட்டுக்கு எடுத்துப்போனேன். வளர்ப்பு மீன்தான், அதை நான் சொல்லவில்லை. அந்தப் பெண் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே முழுக்கக் குடித்தாள். ஜூலியானா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு இருந்து செய்ய வேண்டியத நீங்க செய்றீங்கண்ணே," என்றார். அதற்குப் பிறகும் ஒரு நாள் விடாமல் கொண்டுபோகிறேன். புண் ஆறிவருகிறதாம்.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். என்னை உள்ளே வைப்பதானால் மத்தியானத்துக்கு மேல் வையுங்கள், மேடம். இன்றைக்குச் சூப் இன்னும் கொடுக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.