வீரர்கள் குடிச்ச கிணறு

தண்ணியோ? தம்பி, தேத்தண்ணி இன்னொண்டு கேளுங்கோ தாறன், வடை கேளுங்கோ தாறன், வெறுந்தண்ணி மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ. வாய்க்கு வந்தபடி பேசிப்போடுவன்... இருங்கோ, எழும்பாதேங்கோ. உங்களை ஏசேல்லை. அந்தக் கதிரைக்கு ஒரு கால் நொண்டி, சுவர்ப் பக்கமாச் சாஞ்சிருங்கோ.

தண்ணி எங்க கிடக்கெண்டால், அந்தா, ரோட்டுக்கு அங்கால. கல்லில செஞ்ச ஒருத்தர் துவக்கோட நிக்கிறார், தெரியுதோ? ஆமி மன்னாரில இருந்து சண்டை பிடிச்சுக்கொண்டு இந்த ரோட்டால வடக்குப் பக்கம் போனதுக்கு ஞாபகமாக் கட்டினது. அவருக்குப் பின்னால வேம்பு. வேம்புக்குக் கீழ மஞ்சள் பெயின்ற் அடிச்ச கிணறு. அது என்ர கிணறு தம்பி. இந்த அன்ரோனெற்றின்ர கிணறு. ஊர் முழுக்க உவர்த்தண்ணி, அதில சோறு அவிச்சால் சோறும் உவர்க்கும். அந்தக் கிணறு ஒண்டுதான் நல்லதண்ணி. இப்ப அதில நான் ஒரு குடம் அள்ளேலாது.

ஏனெண்டு கேளுங்கோவன்... அது வரலாற்றுக் கிணறாம். மூண்டு பாஷையில பலகை போட்டிருக்கு. சண்டைக்கு வந்த வீரர் அதில தாகம் தீர்த்துப்போட்டுத்தான் முன்னேறினவையாம். அதால ஊர்ச்சனம் குடத்தோட வரப்படாது. பாக்க வாற வெளியாக்கள் மட்டும் போத்தலில பிடிக்கலாம். சென்றியில காவலுக்கு நிக்கிற ஆமிக்காரர் நல்ல மனிசன், என்ர வடையெண்டால் அவருக்கு உயிர். ஆனால் குடத்தைக் கண்டவுடன "பே அம்மே" எண்டுவார். ஏலாதெண்டு சிங்களத்தில. ஒருநாள் நான் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ரெண்டு போத்தலோட, வெளியூர்க்காரி மாதிரி நடந்து போனனான். மனிசன் எழும்பி நிண்டு சிரிச்சுப்போட்டு, "அன்ரோனெற் அம்மே, பே" எண்டார்.

பஸ் வருது, யாவாரம் நடக்குந்தானே எண்டு நினைக்கிறியள். எங்க நடக்குது... தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா வருகினம். கல்லுக்கு முன்னால போட்டோ எடுப்பினம். பிறகு கிணத்தடி. வாளி வாளியா அள்ளி முகம் கழுவி, வயிறு முட்டக் குடிச்சு, தலையிலயும் தெளிச்சுக்கொண்டு ஏறிப் போயிடுவினம். வயித்துக்குள்ள என்ர தண்ணி குலுங்கக் குலுங்கப் போற சனம் என்ர தேத்தண்ணியை ஏன் வாங்குது?

அதுக்குள்ள அங்க விளக்கம் சொல்லுற ஒருத்தர் இருக்கிறார். எனக்கும் சிங்களம் கொஞ்சம் விளங்கும். மாசத்துக்கு மாசம் கதையை நீட்டிக்கொண்டு போறார். முதல் அஞ்சு பேர் குடிச்சவை எண்டார். பிறகு அம்பது பேர். போன கிழமை கேட்டால், காயப்பட்டுக் கிடந்த ஒருத்தருக்கு ஒரு ஏழைத் தமிழ் அம்மா தண்ணி மொண்டு வாயில ஊத்தினவவாம். சனம் நிண்டு கண்ணைத் துடைக்குது. நான் இஞ்ச நிண்டு பல்லைக் கடிச்சன்.

உந்தக் கதையை ஆர் கட்டிவிட்டது எண்டு பாக்கிறியள் போல... இருங்கோ, வடை கருகுது.

என்ர மனிசன் பஸ்ரியன் பேசாமல் கடலுக்குப் போய்ப் பேசாமல் வாற ஆள். மூண்டு வருசமா என்னோட கதைக்கிறது ஒரே கதைதான். "நீ வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்தியோ?" அவ்வளவுதான்.

சரி, சொல்லுறன். கல்லு வைக்க இடம் பாக்க ஒரு பெரிய ஆமி சேர் ஜீப்பில வந்தவர். அரைக் கட்டை தூரம் தள்ளி, றஞ்சிதம் எண்டவளின்ர தேத்தண்ணிக் கடைக்கு முன்னாலயும் ஒரு இடம் பாத்து வச்சிருந்தவை. கல்லு அங்க போனால் பஸ்ஸும் அங்கதானே நிக்கும்? எனக்கு வயிறு எரிஞ்சுது. தேத்தண்ணியைக் கையில குடுத்துப்போட்டு, "சேர், சண்டை நேரம் உங்கட ஆக்கள் எங்கட கிணத்திலதான் குடிச்சவை" எண்டன். ஒரே ஒரு வசனம் தம்பி. மனிசன் போய்க் கிணத்துக்குச் சலூட் அடிச்சார். நானும் பெருமையாக் கிணத்தடிக் காணித்துண்டை அவைக்குக் கையெழுத்து வச்சுக் குடுத்தனான்.

ஆனால் அந்தக் கிணறு நாங்கள் திரும்பி வந்து, ரெண்டாயிரத்துப் பதினொண்டில கிண்டினது. சண்டை நடந்தது ரெண்டாயிரத்து எட்டில. அப்ப இதில கிணறும் இல்லை, நானும் இல்லை. நாங்கள் உழவுமெசின் பெட்டியில ஏறி வன்னிக்குள்ள ஓடிக்கொண்டிருந்தம். என்ர சின்னவள் ஜெஸ்லியாவுக்குக் காய்ச்சல். குடிக்கத் தண்ணியில்லை. ரோட்டோரக் குட்டையில சீலைத் துணியை நனைச்சு அவளின்ர வாயில பிழிஞ்சனான். மடு மாதா காப்பாத்தினா. அந்தக் குட்டைக்கு ஒரு பலகையும் இல்லை, அது எந்த இடமெண்டு எனக்கே இப்ப தெரியாது. அந்த விளக்கம் சொல்லுறவர் அம்மா ஊத்தினா, அம்மா ஊத்தினா எண்டு சொல்லேக்குள்ள எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

ம்... விடுங்கோ. தேத்தண்ணி நல்லா இருந்ததெல்லே? அது காலமை வந்த குருநாகல் ஆக்கள் பிடிச்சுக்கொண்டு வந்து தந்த தண்ணி. எழும்பிறியளோ? நல்லது, எழும்புங்கோ. இந்தாங்கோ, ஆறு போத்தல். உங்களை அங்க ஒண்டும் சொல்லமாட்டினம், நீங்கள் வெளியூர். உங்களுக்கு ஒண்டு, எனக்கு அஞ்சு.

இன்னொண்டு தம்பி. கிணத்துக்கட்டின்ர உள்பக்கம் குனிஞ்சு பாருங்கோ. ஈரச்சீமெந்தில நான் ஆணியால கீறினது கிடக்கு. அன்ரோனெற், 2011. பெயின்ற்காரர் உள்பக்கம் அடிக்கேல்லை. பாத்துப்போட்டு வாயைத் திறவாமல் வாங்கோ, என்ன? தெரிஞ்சுதெண்டால் அந்தக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போய் றஞ்சிதத்தின்ர கடைக்கு முன்னால நட்டுப்போடுவினம்.