சாம்பல் மேட்டுக் குழி

"...அவர் செத்துட்டாரா இல்லையா, அத முதல்ல சொல்லு. அப்பதான் நான் போர்வைய விட்டு வெளிய வருவேன்."

"அதானடி கதையே. நடுவுல பேசினா நிறுத்திருவேன்," என்றாள் சோடாபுட்டி.

தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் விடுதியில் அவளுக்கு விழுந்த பெயர் அது. மின்சாரம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரே கட்டிலில் நாலு பெண்கள். கைபேசி விளக்கின் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தியிருந்தார்கள். அறை மங்கலாகத் தெரிந்தது.

"பழைய குப்பையத் தோண்டறவர்னு சொன்னியே, உன் கண்ணாடியும் அங்க எடுத்ததுதானா?" என்றாள் போர்வைக்காரி. இரண்டு பேர் சிரித்தார்கள். சோடாபுட்டி சிரிக்கவில்லை.

"என்கூட வேலை செய்யறவளோட பெரியப்பா அவர். ஒரே ஒரு தடவதான் சொன்னாராம். அழல, பயப்படல. கரண்ட் பில் கட்டிட்டு வந்தத சொல்ற மாதிரி சொன்னாராம்."

பிறகு அவள் சொன்னது இது.

விடிகாலை ஐந்து மணி. மூடிக் கிடக்கும் ஆலைக்குப் பின்னால் போகிற சாலை. கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. பனி... வண்டி வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. ஓட்டியவர் பெரியப்பா. பக்கத்தில் அவருடைய தங்கை கணவர். பெரியப்பா அவரை மாப்பிள்ளை என்பார்.

இருவருக்கும் ஒரே பைத்தியம். எந்தக் காலத்திலோ யாரோ தூக்கி எறிந்ததைத் தோண்டி, உடையாத பாட்டில்களைச் சேர்ப்பது. நீல மருந்துக் குப்பிகள், பீங்கான் மைக்கூடுகள், தலை மட்டும் மிஞ்சிய பொம்மைகள். தங்கை திட்டுவாள். "வீட்டுக் குப்பையக் கொட்டச் சொன்னா மட்டும் ரெண்டு பேருக்கும் கை வலிக்கும்!"

ஆலைக்குப் பின்னால் அவர்கள் தோண்டும் மேடு முழுக்கப் பழைய சாம்பல். வெயில் ஏறினால் பறந்து கண்ணை மறைக்கும். அதனால்தான் அந்த நேரம். மாப்பிள்ளை ஒல்லி, அவர்தான் குழிக்குள் இறங்குவார். தலை மறையும் ஆழம். பெரியப்பா விளிம்பில் மண்டியிட்டிருப்பார். ஏதாவது கிடைத்தால், கீழேயிருந்து கொத்தனார் கரண்டியால் வாளியில் இரண்டு தட்டு. டங் டங். கையுறை போட்ட கை மேலே நீளும். வாங்கிக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது குழியை மூடிவிட வேண்டும். யாரும் தவறி விழுந்துவிடக் கூடாதில்லையா... அந்த வேலையில் அது கட்டாயம்.

அன்று குழிக்குள்ளும் பனி இறங்கி, பால் ஊற்றி வைத்தது போல் இருந்தது. ஆள் தெரியவில்லை. கை மட்டும் வந்தது. பெரியப்பாவும் கையைப் பார்க்கிறவர் இல்லை. அவர் கண் எப்போதும் பாட்டிலில்.

டங் டங். ஒரு நீலக் குப்பி. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் காலடி. சரக்... சரக்...

"என்ன மச்சான், நல்லதா?"

திரும்பினார். மாப்பிள்ளை. வண்டிப் பக்கமிருந்து வருகிறார். சட்டையில் பொட்டுச் சாம்பல் இல்லை.

"நீங்க எப்ப மேல வந்தீங்க?"

"அப்பவே."

டங் டங்.

குழிக்குள்ளிருந்து. கை நீண்டது. அதில் இன்னொரு குப்பி.

"மச்சான்... யார்கிட்ட பேசறீங்க?"

அதே குரல். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமும் அதே பழக்கம்.

பக்கத்தில் நின்றவர் மண்வெட்டியை எடுத்து நீட்டினார். "பதில் சொல்லாதீங்க. மூடிருங்க."

கைக்கு முகம் இல்லை. பக்கத்தில் நின்றவருக்கு இருந்தது. பெரியப்பா முகத்தை நம்பினார். மண்வெட்டியை வாங்கினார்.

"மச்சான், சாம்பல் சரியுது." கோபமாகக்கூட இல்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்வது போல.

பிறகு பேச்சில்லை. தட்டல் மட்டும். டங் டங்... டங்... அப்புறம் துணிக்குள்ளிருந்து தட்டுவது போல். அப்புறம் அதுவும் இல்லை. ஈரச் சாம்பலும் துருவும் கலந்த வாசனை மட்டும் மூக்கிலேயே நின்றது.

திரும்பும் வழியில், ஆலை மதில் முடிகிற இடத்தில், அவருக்கு ஒன்று உறைத்தது. அந்தக் குழியிலிருந்து மாப்பிள்ளையால் தானாக ஏற முடியாது. ஒவ்வொரு தடவையும் பெரியப்பாதான் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். இன்றைக்குக் கொடுக்கவில்லை.

"அய்யோ... வண்டியத் திருப்பலையா?" என்றாள் போர்வைக்காரி.

திருப்பவில்லை. திருப்ப வேண்டும் என்று தெரிந்தது. கை மரத்துப்போயிருந்தது, வேறு யாருடையதோ போல. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சாலையைப் பார்க்கவில்லை. வீடு வரும்வரை இவரையே பார்த்துக்கொண்டு வந்தார். வந்ததும் தங்கை கதவைத் திறந்தாள். அவர் உள்ளே போனார்.

பெரியப்பா அப்போது யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், தூங்கினார். அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லையாம்.

மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். சமையலறையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்து, அன்று கூட வந்தவர் விளையாடிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் சிரிப்பு மட்டும் கேட்டது.

"அவருக்கு முன்ன மாதிரி கோவமே வர்றதில்லண்ணா," என்றாள் திரும்பாமல். "எனக்கு என்ன குறை. ஒருநாள் உப்பே போடாம சமைச்சேன். சாப்பிட்டார். மறுநாள் வாயில வைக்க முடியாத அளவுக்கு உப்ப அள்ளிக் கொட்டினேன். அதையும் சாப்பிட்டார். நல்லாருக்குன்னார்."



அவள் குழாயை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கூடத்தில் சிரிப்பு நின்றிருந்தது. அவள் குரலை இறக்கினாள்.

"அண்ணா... கடைசியா ரெண்டு பேரும் மூடிட்டு வந்தீங்களே, அந்தக் குழி. எனக்காக அத ஒரு தடவ தோண்டிப் பாக்கறியா?"