எடைமேடையில் ஒளிந்திருந்த கிதார்

சோனியா: ...அந்தக் கையக் காட்டுங்க அங்கிள். எடது கை.

சாலமோன்: இன்னாத்துக்கு? ரேகை பாக்குறியா? இது லாரி எட போடுற எடம்மா. அதோ பாரு, கம்பி ஏத்துன வண்டி நிக்குது. ஏய் டிரைவரு, முன்ன வா... இன்னும் வா... போதும், நிறுத்து!

சோனியா: லாரிய அனுப்பிட்டே காட்டுங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல.

சாலமோன்: இருபத்தெட்டு டன்னு, முந்நூறு கிலோ. இந்தா சீட்டு, கெளம்பு. ...ஏம்மா, யாரும்மா நீ? காலைலேந்து ஒரே பேஜாரு பண்ணிக்கினு...

சோனியா: மூணு தடவ சொல்லிட்டேன். பேரு சோனியா. ஊரு திருவள்ளூர். எங்கப்பா அப்பாவு அங்க மைக் செட் கட வச்சிருக்காரு. திருவிழா, காதுகுத்து, கட்சி மீட்டிங், எல்லாத்துக்கும் எங்க ஸ்பீக்கர்தான்.

சாலமோன்: சரி. ஸ்பீக்கர எட போடணுமா?

சோனியா: இல்ல. உங்கள. சாலமோன், வயசு அம்பத்தொம்பது. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. இப்ப கவரப்பேட்டை எடமேடைல உக்காந்துக்கினு ஆள் மொகத்தையே பாக்காம சீட்டு கிழிக்கிறவரு. அப்புறம்...

சாலமோன்: அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்ளோதான் சாலமோனு.

சோனியா: அப்புறம், ஆடி மாசத்து அம்மன் கேசட்டுல ஸ்லைடு கிதார் வாசிச்சவரு! மடில கிதார படுக்க வச்சி, எடது கைல இரும்புத் துண்டப் புடிச்சி கம்பி மேல இழுத்து இழுத்து...

சாலமோன்: மெதுவா! மெதுவா பேசும்மா! அது நான் இல்ல. அந்த ஆளு செத்துட்டான்.

சோனியா: எப்ப?

சாலமோன்: ...இப்பதான். நீ சொன்னவுடனே.

சோனியா: ஹா ஹா ஹா... ஐயோ அங்கிள்!

சாலமோன்: சிரிக்காத. டிரைவருங்கோ பாக்குறாங்கோ.

சோனியா: எங்க கடைல நாப்பது கேசட் இருக்கு. அட்டைல எல்லார் பேரும் போட்டிருக்கான். பாடுனவரு, எழுதுனவரு, தபேலா, உடுக்கை, கோரஸ் குழுவினர்னு. டீ வாங்கிக் குடுத்த ஆளுக்குக்கூட நன்றி போட்டிருக்கான். கிதாருக்கு மட்டும் பேர் இல்ல.

சாலமோன்: மறந்து போயிருப்பான்.

சோனியா: நாப்பது தடவயா?

சாலமோன்: ஞாபக மறதி பொல்லாததும்மா.

சோனியா: தபேலா குப்புராஜ கண்டுபுடிச்சி கேட்டேன். அந்த கிதார் ஆளா? வாயே தொறக்க மாட்டாருன்னாரு. ரெக்கார்டிங்குக்கு கும்மிடிப்பூண்டி ரயில்ல வருவாராம், நகக்கண்ணு பூரா மில்லு கிரீஸாம். வாசிச்சி முடிச்சதும், என் பேர எழுதாதீங்கன்னு ஒரு கும்புடு போட்டுட்டு அடுத்த ரயில புடிக்க ஓடிடுவாராம்.

சாலமோன்: கும்மிடிப்பூண்டி ரயில்ல ஆயிரம் பேரு போறான். எல்லார் நகத்துலயும் கிரீஸுதான்.

சோனியா: அதனாலதான் எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. மில்லு மில்லா அலைஞ்சேன் அங்கிள். ஒரு வாட்ச்மேன் என்னைய வேலைக்கு வந்த பொண்ணுன்னு நெனச்சி கையெழுத்தே வாங்கிட்டான். கடைசில உங்க சர்ச்சுல வந்து விசாரிச்சா, சாலமோனா? கிதார் வச்சிருக்கான், ஆனா விரல் புடிக்க மூணு கார்டுதான் வரும், அதுலயும் ரெண்டு தப்புன்றாங்க.

சாலமோன்: பாத்தியா? சபையே சாட்சி சொல்லுது. கெளம்பு, கெளம்பு.

சோனியா: போன கிறிஸ்மஸ் வீடியோ யூடியூப்ல இருக்கு.

சாலமோன்: ...இருந்தா?

சோனியா: கடைசிப் பாட்டு முடிஞ்சி எல்லாரும் எழுந்துக்குறாங்க. நீங்க மட்டும் ஓரமா உக்காந்து, சட்டப்பையிலேந்து எதையோ எடுத்து, கம்பி மேல ஒரே இழு! நாலே நாலு செகண்டு. எரநூறு தடவ பாத்தேன். அந்த நாலு செகண்டும் அந்த கேசட்டும் ஒரே கை.

சாலமோன்: அன்னிக்கி கேக்கு நல்லா இருந்துதும்மா. சந்தோஷத்துல கை தன்னால போயிடுச்சி.

சோனியா: ஒத்துக்கினீங்க! ஒத்துக்கினீங்க! அய்யோ, நான் செத்தேன்!

சாலமோன்: ஏய், எங்க ஓடுற? எடமேட மேல நின்னுக்கினு ஆடாத! உள்ள நம்பரு அம்பது, அறுவது, அம்பதுன்னு குதிக்குது பாரு! எறங்கு!

சோனியா: ஆடுவேன்! ஒரு வருஷம் தேடியிருக்கேன்!

சாலமோன்: எறங்கி உள்ள வாம்மா, உன் காலுல வேணா உழுறேன். மணி ஒண்ணு ஆனா என் ஊட்டுக்காரி சோறு எடுத்துக்கினு வருவா.

சோனியா: வரட்டும். ஆன்ட்டியையும் ரெண்டு வார்த்த பேச வச்சி வீடியோ எடுத்துக்கறேன். பாட்டையெல்லாம் நெட்ல ஏத்திக்கினு இருக்கேன் அங்கிள். எல்லார் பேரும் எழுதியாச்சு. கிதார்னு போட்டு பக்கத்துல ஒரு கோடு மட்டும் போட்டு வச்சிருக்கேன். அந்தக் கோட்டுல உங்க பேரு...

சாலமோன்: கோடு கோடாவே இருக்கட்டும். அவளுக்குத் தெரியக்கூடாது.

சோனியா: ஏன்?

சாலமோன்: அவ, கங்கம்மா, எங்க சர்ச்சு உபதேசியார் பொண்ணு. பொண்ணு கேட்டுப் போனப்போ எங்க மாமனாரு இன்னா பண்ணாரு தெரியுமா? வேதபுஸ்தகத்த முன்ன வச்சி, அது மேல கைய வைக்கச் சொன்னாரு. தம்பி, இந்தக் கையால கர்த்தர் பாட்டத் தவிர வேற எதுனா வாசிச்சிருக்கியான்னாரு.

சோனியா: நீங்க?

சாலமோன்: இல்லவே இல்லன்னேன்.

சோனியா: அந்தக் கை அதுக்கு முன்ன எத்தன பாட்டு வாசிச்சிருந்துச்சு?

சாலமோன்: நூத்தி பன்னண்டு.

சோனியா: அதுல அம்மன் பாட்டு?

சாலமோன்: நூத்தி பன்னண்டு.

சோனியா: ஹா ஹா... அய்யோ, வயிறு வலிக்குது...

சாலமோன்: சிரி, சிரி. உனக்கு ஷோக்காத்தான் இருக்கும். அவளுக்கு பொய்யின்னா ஆவாதும்மா. நாஷ்டா துன்னுட்டேன்னு ஒருவாட்டி பொய் சொன்னதுக்கு மூணு நாளு பேசல. இது தெரிஞ்சா பையத் தூக்கிக்கினு பொண்ணு ஊட்டுக்குப் போயிடுவா. திரும்பி வரவே மாட்டா. அவ இல்லன்னா எனக்கு... நெசமாத்தான் சொல்றேன்... கையும் ஓடாது, காலும் ஓடாது.

சோனியா: அதுக்காகவா சர்ச்சுல தப்புத் தப்பா வாசிக்கிறீங்க?

சாலமோன்: இருபத்தெட்டு வருஷமா. நல்லா வாசிக்கிறதக் காட்டியும் தப்பா வாசிக்கிறதுதான் கஷ்டம், தெரிஞ்சுக்கோ.

சோனியா: சரி, பேரு போடல. சத்தியம். ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போயிடுறேன். கடைசி இருவது பாட்டுல மட்டும் உங்க கிதார் வேற மாதிரி பேசுது. பாடுறவர் பாடும்போது சும்மா இருக்கு. கோரஸ் பொண்ணுங்க வந்தா மட்டும் பதில் சொல்லுது. ஏன்?

சாலமோன்: ...அத்தயுமா கண்டுபுடிச்ச?

சோனியா: சொல்லுங்க அங்கிள்.

சாலமோன்: கோரஸ மொத நாளே பாட வச்சி எடுத்துடுவாங்க. நான் மறுநாளு போவேன். காதுல ஹெட்போன மாட்டிக்கினு அவங்க பாட்டக் கேட்டு அதுக்கு மேல வாசிக்கணும். நாலு பொண்ணுங்க. அதுல ஒருத்தி... மூணு பேரும் மூச்சு எடுத்த அப்பால, இவ அரை விநாடி கழிச்சி எடுப்பா. திடுக்குன்னு. சின்னதா.

சோனியா: ம்...

சாலமோன்: அந்த மூச்சு வர்ற எடத்துல நான் ஒரு இழு இழுப்பேன். பயப்படாத, மெதுவா வா, நான் கீறேன்ற மாதிரி.

சோனியா: அவங்கள பாத்தீங்களா?

சாலமோன்: ஒரு தபா கூட இல்ல. ஒரு வருஷம் வந்தா. அடுத்த ஆடிக்கு ஹெட்போன மாட்னா மூணு மூச்சுதான் கேக்குது. அவ வரல. அதோட எனக்கும் வெறுத்துப் போச்சி. கிதார மூட்ட கட்டிட்டேன்.

சோனியா: லவ்வு!

சாலமோன்: ச்சீ!

சோனியா: லவ்வுதான அங்கிள்?

சாலமோன்: ...ஆமா.

சோனியா: அப்ப ஆன்ட்டிகிட்ட கிதார மட்டும் சொல்லிட்டு இத்த விட்டுடுங்க...

சாலமோன்: ரெண்டும் வாணாம்! மொதல்ல உன் வாயக் கழுவு!

கங்கம்மா: யாரு வாயக் கழுவணும்?

சாலமோன்: கங்கா! இன்னாமே... மணி பன்னண்டு கூட ஆவல...

கங்கம்மா: மீன் கொழம்பு சீக்கிரம் கொதிச்சிடுச்சி. சூடா துன்னட்டும்னு எடுத்தாந்தேன். யாருய்யா இந்தப் பொண்ணு?

சாலமோன்: ஆபீசரு! திருவள்ளூர்லேந்து. எடமேட கரீட்டா கீதான்னு செக் பண்ண வந்துருக்காங்க.

கங்கம்மா: ஆபீசரா? இந்த ஜீன்ஸு போட்ட புள்ளையா?

சோனியா: புது ஆபீசர்ம்மா. ட்ரெயினிங்.

கங்கம்மா: இன்னாத்த வச்சி செக் பண்ணுவ?

சோனியா: அது... எட தெரிஞ்ச ஒண்ண ஏத்திப் பாக்கணும். நீங்களே ஏறுங்களேன்.

கங்கம்மா: நானா? லாரி ஏர்ற எடத்துலயா? இந்தாய்யா, கேரியரப் புடி. ...ஏறிட்டேன். எவ்ளோ?

சாலமோன்: எழுவது.

கங்கம்மா: பொய்! போன வாரம் ஆஸ்பத்திரில அறுவத்தாறு!

சாலமோன்: இது பத்து பத்தாத்தான் காட்டும்மே. நாலு கிலோவெல்லாம் இதுக்கு கண்ணுக்கே தெரியாது.

கங்கம்மா: ஆபீசரம்மா, எழுதிக்கோ. மிசினு பொய் சொல்லுது. மிசினு பக்கத்துல ஒக்காந்துக்கினு கீறவனும் பொய் சொல்றான். காது செவந்துருக்கு பாரு.

சோனியா: அய்யோ, என் போன் அடிக்குது...

சாலமோன்: அணை! அத்த அணைம்மா!

கங்கம்மா: அணைக்காத. ...உடு. முழுசா பாடட்டும்.

சோனியா: ரிங்டோன்ம்மா. பழைய அம்மன் பாட்டு. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, தப்பா எடுத்துக்காதீங்க...

கங்கம்மா: பாட்டு எதுன்னு எனக்குத் தெரியும். இந்த கிதார வாசிச்சது யாரு?

சோனியா: நான்... எட ஆபீசர்ம்மா...

கங்கம்மா: சாலமோனு, உனக்குத் தெரியுமா? கேரியர ஏன்யா கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிற? கொழம்பு சட்ட மேல ஒழுவுது பாரு.

சாலமோன்: நான்தான்மே.

கங்கம்மா: இன்னாது?

சாலமோன்: நான்தான் வாசிச்சேன். இது, இன்னும் நூத்தி பதினோரு பாட்டு. உங்கப்பா முன்னாடி வேதத்து மேல கை வச்சி சொன்னது பொய். சபைக்கு பயந்து பேரு போட வாணாம்னேன். அப்பால உங்கப்பாவுக்கு பயந்தேன், உன்ன குடுக்க மாட்டாரோன்னு. அதுக்கப்பால உனக்கு பயந்தேன், போயிடுவியோன்னு. போதும்மே. பயந்து பயந்து எனக்கு அலுத்துப் போச்சி.

சோனியா: திட்டாதீங்கம்மா. அவரு யாருக்கு கெடுதல் பண்ணாரு? நூறு பாட்டு வாசிச்சிட்டு ஒரு எடத்துலயும் பேரு கேக்கல. அந்த கோரஸ் பொண்ணுக்காக ஆசையா வாசிச்சாரு, அவ்ளோதான்...

சாலமோன்: ஏம்மா!

கங்கம்மா: எந்தப் பொண்ணு?

சோனியா: ...நான் கெளம்புறேன்.

கங்கம்மா: ஒக்காரு. எந்தப் பொண்ணுய்யா?

சாலமோன்: மொகமே தெரியாதுமே. கோரஸ்ல மூச்சு பிந்தி எடுப்பா ஒருத்தி. அந்த எடத்துல கிதார ஒரு இழு இழுப்பேன். கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்ன. சத்தியமா வேற ஒண்ணுமில்ல.

கங்கம்மா: கிண்டலுக்கு இழுத்தியா?

சாலமோன்: கிண்டலா? அய்யோ! பயப்படாத, கூடவே வரேன்னு சொல்றதுக்கு.

கங்கம்மா: கூடவே வரேன்னு...

சாலமோன்: ஆமா.

கங்கம்மா: அந்த உய்ங்குன்ற சத்தம்... கூடவே வரேன்னு அர்த்தமா?

சாலமோன்: வேற இன்னா அர்த்தம்?

சோனியா: அம்மா... சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா?

சாலமோன்: கங்கா, பொண்ணு ஊட்டுக்கு மட்டும் போவாதமே. வேற இன்னா தண்டன வேணா குடு.

கங்கம்மா: தண்டனையா? தையல் கிளாசுன்னு எங்கப்பாகிட்ட பொய் சொல்லிட்டு, ரயிலேறிப் போயி அந்த கோரஸ்ல நாலாவதா நின்னவளே நான்தான்யா. கேசட்டு வந்து ஆசையா போட்டுக் கேட்டா, நான் மூச்சு எடுக்குற எடத்துலல்லாம் எவனோ ஒரு பேமானி கிதார வச்சி உய்ங்கு உய்ங்குனு கேலி பண்றான். அந்த வெக்கத்துல அடுத்த ஆடிக்குப் போவல, சர்ச்சுல கூட இன்னி வரைக்கும் வாயத்தான் அசைக்கிறேன். அவன் மட்டும் கைல கெடைக்கட்டும், செருப்பாலயே நாலு குடுக்கணும்னு இருபத்தெட்டு வருஷமா உன் பக்கத்துலயே படுத்துக்கினு கறுவிக்கினு கெடந்தேன். ...ஆபீசரம்மா, நீ எந்த ஆபீசோ இன்னாவோ, எழுதிக்கோ. கிதார் சாலமோன், கோரஸ் கங்கம்மா. எழுதிட்டியா? இப்ப செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ.