மெயின் இறக்கித்தான் இருந்தது

ஒரு விவசாயி வீட்டுக்குப் போனால் முதலில் நாயோடு பழகிக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஃபைலும் கையுமாகப் போய் நிற்பேன். நாய் குரைக்கும். வீட்டுக்காரர் நாயை அதட்டுகிற சாக்கில் என்னையும் அதட்டி அனுப்பிவிடுவார். பிறகுதான் பையில் பிஸ்கட் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பதினாறு வருடமாகச் சொந்தக் காசில் வாங்குகிறேன், பேங்கில் கேட்டதில்லை.

என் கார்டில் ‘விவசாயக் கடன், வாடிக்கையாளர் உறவு’ என்று போட்டிருக்கும். அதை யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் நான் லோன் சார். நீங்களும் அப்படியே கூப்பிடலாம், இன்ஸ்பெக்டர்.

வெங்காயக்காரரோடு எனக்குப் பதினொரு வருடப் பழக்கம். மற்ற பயிரும் போடுவார், ஆனால் மனசு வெங்காயத்தில்தான். அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பேசிக்கொண்டே அழுகலைப் பொறுக்கிப் போடுவேன். பேன்ட் சட்டையெல்லாம் வெங்காய வாடை வீசும். என் மனைவி துணியைத் தனியாக ஊறவைப்பாள். அவருடைய மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றபோது ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டது நான். மகள் நர்சிங் படிக்க விண்ணப்பம் நிரப்பியது நான். அவர் மனைவி, அந்த அம்மா, பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுகிறாரா இல்லையா என்பது வரை எனக்குத் தெரியும். கடனைப் பற்றி நாங்கள் பேசியது ரொம்பக் கொஞ்சம்.

ஒன்று சொல்ல வேண்டும். என் பொறுப்பில் இருந்த இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களில் ஒரு குடும்பம்கூட நிலத்தை விட்டுப் போனதில்லை. ஏலமும் கிடையாது, விற்பனையும் கிடையாது. பக்கத்துக் கிளைகளில் எத்தனையோ போயிருக்கிறது. மேனேஜர் வருடா வருடம் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைப்பார். எனக்கு அதெல்லாம் கூச்சம். ஆனால் எழுந்து நிற்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். நான் போனபோது வெங்காயக்காரர் கொட்டகையில் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சார், உக்காருங்க. ஒரு நல்ல சேதி. பொண்ணு எங்களை அங்கயே வந்துடச் சொல்லிட்டா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே வீடு பாத்திருக்கா. நிலத்துக்கும் ஆள் வந்தாச்சு. உங்க கடனை ஒரே மூச்சா அடைச்சிட்டு மூட்டையக் கட்டுறோம்.”

அந்த அம்மா வாசலில் நின்று சொன்னார்: “முழங்கால் முடியலன்னு ராத்திரியெல்லாம் முனகுறாரு சார். இனிமேலாவது கால நீட்டி உக்காரட்டும்.”

“இனிமே உங்களுக்கும் பிஸ்கட் மிச்சம் சார்,” என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம்.

நல்ல முடிவுதான் என்று நானும் சொன்னேன். ஆனால் மனசு ஆறவில்லை. எந்தக் காலேஜ் என்று என்னைக் கேட்டார்கள். எந்த டாக்டர் என்று என்னைக் கேட்டார்கள். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எடுத்துச் சொல்லியிருப்பேன். நாற்பது வருடம் மண்ணில் நின்ற மனுஷன் மாடி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து என்ன செய்வார்? ஆறு மாதத்தில் ஏங்கிப் போவார். பிறகு அந்த அம்மாவுக்கு நிலமும் இல்லை, அவரும் இல்லை. இதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. அவருக்காக யோசிப்பதுதான் என் வேலை.

கிணற்று மோட்டாருக்குப் போகிற வயர் மறுபடி பழுது என்று கிளம்பினார். முந்தின வாரம்தான் எலக்ட்ரீஷியன் வந்து புது ஸ்டார்ட்டர் மாட்டிப் போயிருந்தான். அவனை மறுபடி கூப்பிட்டால் அரை நாள் போகும் என்று இவரே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டார். பேச்சுத் துணைக்கு நானும் போனேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் அவருடைய கணுக்கால் வரை இருந்தது. மெயின் சுவிட்ச் மேலே மோட்டார் ரூமில். நான் அதற்குப் பக்கத்தில் நின்றேன்.

“சார், அந்த மெயினைக் கொஞ்சம் இறக்கி விடுங்க.”

கைப்பிடியில் கை வைத்தேன். அவர் வாங்கிய கடனில் ஒரு இன்ஷூரன்ஸ் உண்டு. கடன் வாங்கியவர் விபத்தில் இறந்தால் மிச்சக் கடன் முழுவதும் தள்ளுபடி. நிலம் அப்படியே குடும்பத்துக்கு. அந்த நிமிஷத்தில் அது ஞாபகம் வந்தது. முன்பே திட்டம் போட்டேன் என்று எழுத வேண்டாம், அது உண்மையில்லை.

“இறக்கிட்டீங்களா சார்?”

“இறக்கிட்டேன்.”

இன்னொருவர் சொல்லியிருந்தால் அவர் ஒரு தடவை டெஸ்டரை வைத்துப் பார்த்திருப்பார். டெஸ்டர் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் சொன்னதால் பார்க்கவில்லை. பதினொரு வருடப் பழக்கம் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான்.

அதிக நேரம் ஆகவில்லை. அதன் பிறகு மெயினை இறக்கினேன். கீழே இறங்கி அவர் தலையைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

இன்ஷூரன்ஸ் பேப்பரை நானே கையில் எடுத்துக்கொண்டு அலைந்தேன். சாதாரணமாக நாலு மாதம் இழுக்கும். பத்தொன்பது நாளில் முடித்தேன். நிலம் வாங்க வந்தவர், ஆள் செத்த கிணறு என்று பின்வாங்கிவிட்டார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவன்கூட இப்படி நிக்க மாட்டான் தம்பி,” என்று அழுதார். அதுவரை சார் என்றுதான் கூப்பிடுவார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் போகிறேன். கொட்டகையில் இரண்டு பேரும் வெங்காயம் பொறுக்குகிறோம். மகள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். ஒரு வருடம் போகட்டும் அக்கா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். எலக்ட்ரீஷியனை நீங்கள் பிடித்து வைத்திருப்பதால்தான். மெயின் இறக்கித்தான் இருந்தது என்று நான் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததால், இறக்கிய பிறகும் கரண்ட் வந்தது வயரிங் கோளாறு என்று அவன் தலையில் விழுந்துவிட்டது. ஆக, நான் சொன்னது இரண்டு பொய். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். அவன் போன வருடம் மூன்று மாடு வாங்கினான், என் கையெழுத்தில். அவன் உள்ளே இருந்தால் அந்த மாடுகளை விற்றுவிடுவார்கள். அந்தப் பையன் வேலையில் குறை சொல்ல முடியாது. அவனை விட்டுவிடுங்கள்.

வெங்காயக்காரரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா? நான் வந்து ஒப்புக்கொண்ட உடனேயேவா? சரி. எப்படியும் தெரிய வேண்டியதுதான். ஒரே ஒரு உதவி. நாளைக்கு வெள்ளிக்கிழமை. என்னால் வர முடியாது என்று மட்டும் யாரையாவது விட்டு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாவம், எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.