நான்காம் ஆணியைப் பார்த்தவருக்கு

இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் கூரைகளின் மேல் முழந்தாளிட்டு ஊர்ந்தவரே, கோடையில் காலைப் பொசுக்கும் கறுப்பு ரப்பரையும் குளிரில் கண்ணாடியாய் வழுக்கும் கறுப்பு ரப்பரையும் ஒரே ஊசியால் அளந்தவரே, ஒட்டின் ஓரத்தில் ஒளிந்த ஓட்டையை ஒன்றுவிடாமல் கண்டவரே, மேகம் கறுத்தால் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தவரே, எங்கள் தரச் சோதனை அதிகாரியே, அக்கா அவர்களே, வணக்கம்.

இந்த மடலைச் சீக்கிரம் படித்து முடிக்க வேண்டும். இன்று பிற்பகல் மழை என்கிறது வானிலை அறிக்கை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்தின் கூரைதான் தாங்கள் கடைசியாகச் சோதித்த கூரை. அதன் நீர்ச் சோதனை நேற்று முன்தினம்தான் முடிந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் தங்கள் பார்வை ஜன்னலுக்குத்தான் போகும் என்று எங்களுக்குத் தெரியும். போகட்டும். எங்கள் பார்வையும் அங்கேதான் இருக்கிறது.

தங்கள் குடும்பத்தார் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ரப்பர் கூரை என்பது லாரி ட்யூபைப் போலத் தடித்த ஷீட். தட்டையான கூரையில் அதை விரித்து, பசை பூசி ஒட்டுவோம். ஒரு ஷீட்டின் விளிம்பின்மேல் அடுத்த ஷீட் நான்கு விரல் ஏறி உட்காரும். அந்த நான்கு விரல் ஒட்டுதான் எங்கள் பிழைப்பு. அது பிடித்ததா என்று பார்க்க அக்காவிடம் ஒரு மழுங்கிய ஊசி உண்டு. ஒட்டின் விளிம்பில் அதை அழுத்தி இழுத்துக்கொண்டே போவார். எங்காவது உள்ளே நுழைந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்தவர் அன்று டீ குடிக்க மாட்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால் 'ஊசியம்மா' என்றோம். அது அவருக்குத் தெரியும் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

விரித்த ஷீட்டை அரைமணி நேரம் அப்படியே கிடக்கவிட வேண்டும். சுருளிலிருந்த இழுவிசை போனபிறகுதான் பசை போடலாம். இல்லாவிட்டால் ஒட்டியபிறகு சுருங்கி, சுவரோரத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அந்த அரைமணி நேரமும் தாங்கள் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒருநாள் கொளுத்தும் வெயிலில் லாரி ஓட்டுநர் கேட்டார்: "ஷீட்டுக்கு ரெஸ்ட் குடுக்குறீங்க, எங்களுக்கு ஏன்க்கா குடுக்க மாட்டேங்குறீங்க?"

"நீ சுருங்கினா ஒழுகாது," என்றீர்கள்.

நாளை முதல் இந்த ஊசியின் பொறுப்பு ஒட்டுக்காரருக்கு. ஒட்டு போடுவதில் எங்களில் முதல் ஆள் அவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக உருளையை அழுத்தி அழுத்தி வலது தோள் இடதைவிட ஒரு விரல் இறங்கிவிட்டது. தங்களுக்குப் பதில் யார் என்று முதலாளி கேட்டபோது தாங்கள் அவரைக் காட்டினீர்கள். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஷெட்டில் தனியாக உட்கார்ந்து அந்த ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். காரணம் எங்களில் சிலருக்கே தெரியும். எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றார் அவர்.

"அது இல்லாம அந்த மடல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அக்காவுக்குப் பிடிக்காது."

"அவங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். எனக்கும்தான் பிடிக்காது. எழுதுங்க."

ஆகவே எழுதுகிறோம்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல் தொழிற்சாலைக்குக் கூரை போட்டோம். மூன்று மாடி. மேல்தளத்தில் இருநூறு பெண்கள். அவர்களில் ஒருவர் ஒட்டுக்காரரின் மனைவி. கிழக்கு மூலையில், நான்காவது வடிகுழாய்க்கு நேர் கீழே அவருடைய மெஷின்.

அந்தக் கூரையைக் குறுக்குச் சுவர்கள் நான்கு பள்ளங்களாகப் பிரித்தன; ஒவ்வொன்றின் தண்ணீரும் அதனதன் வடிகுழாய் வழியே மட்டும்தான் போகும். கூரை போட்டு முடித்ததும் நீர்ச் சோதனை. நான்கு வடிகுழாய்களின் வாயையும் ரப்பர் தக்கையால் அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் விடுவோம். கீழே எங்காவது ஈரம் தெரிகிறதா என்று பார்ப்போம். ஒட்டுக்காரர் மணிக்கொரு தரம் கீழே இறங்கி வந்தார்.

"ஏதாவது சொட்டுதா?"

"சொட்டல. நீங்க வந்து வந்து போறதுலதான் எனக்குத் தையல் கோணுது," என்றார் மனைவி.

பக்கத்து மெஷின்காரி தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அண்ணன் தண்ணியப் பார்க்க வர்றாரா, உன்னப் பார்க்க வர்றாரா?"

ஒரு சொட்டும் விழவில்லை. இரண்டாம் நாள் மாலை தக்கைகளை எடுக்க அவர் மேலே போனார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால்தான் தக்கை வெளியே வரும். மூன்றை எடுத்தார். நான்காவதற்கு நடக்கும்போது கீழேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "பஸ் கிளம்புது, வர்றீங்களா இல்லையா?" கிழக்கு மூலைத் தண்ணீரைக் காலையில் வந்து விட்டுக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார். காலையில் வேறு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். போனார். தக்கை அவர் நினைவிலிருந்து கழன்றுவிட்டது.

எங்கள் ஷெட்டில் ஒரு பலகை இருக்கிறது. அதில் நான்கு ஆணி. சோதனை முடிந்ததும் தக்கைகளைக் கழுவி எண்படி மாட்ட வேண்டும். மூன்று நாள் நான்காம் ஆணி வெறுமையாக இருந்தது. எல்லாரும் அதைத் தாண்டித்தான் போனோம். தாங்களும்.

நான்காம் நாள் விடிந்ததிலிருந்து ஆலங்கட்டியோடு மழை. ஒன்பது மணிக்குக் குடையை மாட்ட வந்த தாங்கள் பலகை முன் நின்றீர்கள். குடை கையிலேயே இருந்தது. ஒட்டுக்காரருக்குப் போன் செய்தீர்கள்.

"தம்பி, தையல் கட்டடத்துல நாலாவது தக்கை எடுத்தியா?"

அவர் வேறொரு கூரையில், மழைக்கு ஒதுங்கி, சுற்றிலும் ஆட்களோடு நின்றிருந்தார். கேள்வி காதில் விழுந்த கணமே அவருக்கு நினைவு வந்துவிட்டது. வாய் முந்திக்கொண்டது.

"எடுத்துட்டேங்க்கா."

போனை வைத்தபிறகு அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அந்தத் திருகை இறுக்கிய ஸ்பேனர் சாவி அங்கே இருந்தது. கையால் இறுக்கினால் போதும் என்பது விதி. சோதனையில் கசியக் கூடாது என்று அவர் சாவி போட்டு இறுக்கியிருந்தார். அந்தச் சாவி இல்லாமல் யாராலும் அதைத் தளர்த்த முடியாது.

அவர் லாரியில் ஏறினார். அந்தப் பயணம் இருபது நிமிடம். அந்தப் பழைய கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் உபரி நீர் வழிந்தோட ஒரு துளைகூடக் கிடையாது. ஒட்டு விடாது, அது அவர் போட்ட ஒட்டு. தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். அதன் கனம் முழுவதும் இரும்பு விட்டத்தின் மேல். அதற்குக் கீழே மனைவியின் முக்காலி. மனைவியின் போன் வேலை நேரத்தில் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். லாரி ஓட்டுநரிடம் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "வேகமா." அதையே ஏழெட்டு முறை சொன்னார்.

அவருடைய பதிலைத் தாங்கள் நம்பவில்லை. நேரே அந்தக் கட்டடத்துக்குப் போனீர்கள். கூரைக்கு அல்ல, முதலில் தையல் தளத்துக்கு. எல்லாரையும் வெளியே அனுப்பச் சொன்னீர்கள். மேலாளர் சிரித்தார்.

"மேடம், ஒரு சொட்டுகூட விழலயே. உங்க ஆளுங்க பிரமாதமா ஒட்டியிருக்காங்க."

"ஆமா. அதான் பயமா இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொன்னீர்கள். காலையிலிருந்து அது இறுகிப்போயிருந்தது.

"மழைக்கு ஊதியிருக்கும் மேடம்."

"இரும்புக் கதவு எங்க ஊதும்? மேல பாருங்க."

மேலாளர் பார்த்தார். கதவுச் சட்டத்தின் மேல்பகுதி வயிறுபோல இறங்கியிருந்தது. விட்டத்தில் தொங்கிய குழல்விளக்குகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அவர் மின்சாரத்தை நிறுத்தினார். இருநூறு மெஷினும் ஒரே நேரத்தில் ஓய்ந்தபோதுதான் மேலே தண்ணீர் அலையடிக்கும் சத்தம் கேட்டதாக ஒட்டுக்காரரின் மனைவி இன்றும் சொல்வார்.

ஒட்டுக்காரர் கூரைக்கு ஏறி வந்தபோது தாங்கள் கிழக்கு மூலையில் முழங்கால் ஆழத்தில் குனிந்திருந்தீர்கள். ஆலங்கட்டி மிதக்கும் தண்ணீருக்குள் தோள்வரை கை. உதடு நீலம். திருகு அசையவில்லை. அவர் சாவியை நீட்டினார். தாங்கள் நகர்ந்து இடம் விட்டீர்கள். அவர் கை உள்ளே போனது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவதில் தக்கை கழன்றது. குழாய் மாடு கத்துவதுபோலக் கத்திற்று. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கும்வரை இருவரும் அசையாமல் நின்றீர்கள்.

பிறகு ஊசியை எடுத்து, மழையிலேயே, மூலை ஒட்டு முழுவதையும் பார்த்தீர்கள். எங்கும் நுழையவில்லை.

"உன் ஒட்டு நல்லா இருக்கு தம்பி," என்றீர்கள். தாங்கள் யாரையும் பாராட்டியதாக நாங்கள் அறிந்தது அது ஒன்றுதான். அடுத்த வாக்கியத்தையும் ஒட்டுக்காரர் சேர்த்தே கேட்டார். "ஒட்டைப் பார்க்க ஊசி இருக்கு. வாயைப் பார்க்க ஊசி இல்ல."

கீழே, எதிர்க்கடை வாசலில் நனைந்து நின்ற மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "என் தலைக்கு மேலயே குளம் வெட்டினீங்களா?" என்றார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கள் அறிக்கை ஐந்து வரி. 'நான்காம் தக்கை எடுக்கப்படவில்லை. எடுக்க வேண்டியவர் ஒட்டுக்காரர். கேட்டபோது எடுத்ததாகச் சொன்னார். எடுத்தாரா என்று பார்க்க வேண்டியவள் நான். மூன்று நாள் பார்க்கவில்லை.' அவருக்கு இரண்டு வாரம் பணியிடை நீக்கம். தங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதைத் தாங்களே அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினீர்கள். மஞ்சளாகி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் பிறகு நாம் போட்ட கூரை எதிலும் சுவரில் உபரித் துளை இல்லாமல் இருந்ததில்லை. 'எடுத்துட்டேன்' என்ற சொல்லையும் எங்கள் ஷெட்டில் யாரும் சொன்னதில்லை. எடுத்தவர் உள்ளங்கையை விரித்துத் தக்கையைக் காட்டுவார். இது தாங்கள் போட்ட வழக்கம்.

ஊசி தனக்கு என்று கேள்விப்பட்ட அன்று ஒட்டுக்காரர் தங்களிடம் வந்தார்.

"அக்கா, நான் பொய் சொன்னவன்."

"அதனாலதான். அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். மத்தவங்க இன்னும் சொல்லிப் பார்க்கல."

அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. எங்கள் அனைவரின் பயமும் அதேதான், அக்கா. நாளை ஒரு மேகம் வரும். பலகை முன்னால் யார் நிற்பார்? பார்க்காமல் தாண்டிப் போய்விடுவோமோ? தங்கள் இருபத்தொன்பது ஆண்டுப் பணியை எந்த அடைமொழியாலும் அளக்க முடியாது. இந்தப் பயத்தைத் தாங்கள் ஒருவரே சுமந்து, எங்களுக்குத் தூக்கத்தைக் கொடுத்தீர்கள். இன்று அது எங்களிடம் வந்திருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது.

தங்கள் கணவர் எங்களிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறோம். "மழை பெய்யும்போது இவ தூங்கி நான் பார்த்ததே இல்ல. எழுந்து உட்கார்ந்து கட்டடம் கட்டடமா பேர் சொல்லுவா. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

ஒட்டுக்காரரைக் கூட்டத்தில் தேடாதீர்கள். அவர் மனைவி மூன்றாம் வரிசையில் இருக்கிறார், பக்கத்து நாற்காலி காலி. அவர் நம் தலைக்கு மேலே இருக்கிறார். மழைக்கோட்டும் ஊசியும் அவரிடம் இருக்கின்றன. முதல் மழை பெய்து வடியும்வரை இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கள் முன்னாலுள்ள மேசையில், மாலைக்குப் பக்கத்தில், ஒரு துணி மூடியிருக்கிறது. படிப்பவர் இங்கே நிறுத்துவார். தயவுசெய்து அந்தத் துணியை எடுங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இந்தக் கூரையின் தக்கைகள். காலையில் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. எடுத்துவிட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. காட்டுகிறோம்.

ஆகவே, அக்கா, மழை வந்தால் இன்று தாங்கள் எழுந்திருக்க வேண்டாம். சாப்பாட்டை மூடிவைக்க வேண்டாம். முட்டி வலி தீர்ந்து, கண்ணும் காதும் தெளிவாய், தங்கள் கணவரோடும் மக்களோடும் நெடுங்காலம் வாழுங்கள். ஓயாமல் மழை பெய்யும் நாள்கள் பல வரட்டும். அந்த நாள்களில் எல்லாம் தாங்கள் நன்றாகத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஊசிக்குப் பயந்தவர்கள்:

கூரைக் குழுவினர், ஷெட் பணியாளர்கள், அலுவலகத்தார், லாரி ஓட்டுநர்,
மற்றும் ஒட்டுக்காரர் (காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார், ஓரத்தில் தெரியும் கறுப்பு ரேகை பசை. அழிக்க முயன்றோம், வரவில்லை. நன்றாகப் பிடித்திருக்கிறது.)